பனியனை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2017இல் உடைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. சாதாரண வெள்ளை டி-ஷர்ட்டுக்கும் அதில் இடம் கிடைத்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இதில் வியப்பிருக்காது. என்ன உடை தைத்தாலும் அவர்களுக்கு அது ‘பனியன் கம்பெனி’தான், ஒரு பீஸைக் கையில் எடுத்ததுமே அதன் தரம் சொல்கிறவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் பார்க்கிற மாதிரி நாமும் பார்க்கப் பழகலாம். அலமாரியிலிருந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள்.

துணி

வேட்டியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பனியன் துணியிலோ நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும். வழக்கமான சிங்கிள் ஜெர்சியை உற்றுப் பாருங்கள்: வெளிப்பக்கம் சின்னச் சின்ன ‘வி’க்கள் நெடுக்காகவும், உள்பக்கம் அரைவட்டங்கள் குறுக்காகவும் தெரியும். இந்தக் கண்ணிகள் வளைந்துகொடுப்பதால்தான் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிப்பதில்லை. குறுக்கே இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பினால் நல்ல துணி.

கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. 140 வெயிலுக்கு ஏற்ற மெல்லிசு. 180 உடம்பை அப்பட்டமாகக் காட்டாமல் விழும். கனமாக இருந்தால் தரம் என்று நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் போடுவதற்குக் கனத்த துணியைத் தேர்ந்தவர் வடிவமைப்பிலேயே தவறிவிட்டார்.

கழுத்தும் தோளும்

பாதிப் பனியன்கள் தோற்பது கழுத்தில்தான். அங்கே வைக்கும் ரிப் பட்டையைக் கழுத்துச் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். நீளம் கூடினால் அலை அலையாக நிற்கும். குறைந்தால் சுற்றிலும் சுருக்கம் விழும். சரியாக அமைந்தால் கழுத்தோடு படிந்து கிடக்கும்.

பின்கழுத்தில் ஓவர்லாக் தையலை மூடி ஒரு நாடா இருக்கிறதா? அது தோலை உறுத்தாமல் காக்கும். தோள் தையலோடு சேர்த்துத் தைத்த நாடா, துணி தன் கனத்தாலேயே தோளில் நீண்டு தொங்காமல் தடுக்கும். இரண்டையும் கடையில் யாரும் எடுத்துக்காட்ட மாட்டார்கள்.

ஓரமும் பக்கமும்

அடிமடிப்பில் வெளியே இரட்டைக் கோடாகவும் உள்ளே வலைபோலவும் தெரிவது பேட்லாக் தையல். அதை இழுத்தால் துணியோடு சேர்ந்து நீள வேண்டும். ‘படக்’ என்று நூல் அறுந்தால் மட்டம்.

துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டதா? டெய்லரைத் திட்டாதீர்கள். நூலுக்குள் இருந்த முறுக்கு தண்ணீர் பட்டதும் தளர்ந்து துணியைச் சாய்த்திருக்கிறது. வட்ட நிட்டிங் மெஷினில் துணி குழாயாகவே இறங்குவதால் உள்பனியன்கள் பலவற்றில் பக்கத் தையலே கிடையாது. வியர்க்கிற இடத்தில் உரசுவதற்கு ஒன்றும் இல்லை.

நிறம்

ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டக் கூடாது. ஆனால் நிறத்தின் கதை துணியோடு முடிவதில்லை. சாயக்கழிவால் திருப்பூரின் நொய்யல் ஆறு பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அங்குள்ள சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் செலவும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். ஆற்றைக் கெடுத்து ஏற்றிய நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நல்ல நிறமாகாது.

திருப்பூரின் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போனால், குவித்துப் போட்டிருக்கும் ஏற்றுமதி மிச்சத்தில் பிராண்டுப் பெயரையும் மார்பில் அச்சடித்த படத்தையும் தேடாதீர்கள். கழுத்து, தோள், ஓரம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், பத்து ரூபாய் கூடச் சொன்னாலும் பேரம் பேசாமல் வாங்குங்கள்.