தடுத்தவனும் பிடித்தவனும்: அச்சோப் பதிகத்தில் சுக்கிரனும் நமுசியும்

பெரியாழ்வார் திருமொழி முதற்பத்தின் எட்டாந் திருமொழி, கண்ணனை அணைக்க வரும்படி அழைக்கும் அச்சோப் பதிகம். அதன் ஏழாம், எட்டாம் பாசுரங்கள் மாவலியின் வேள்வியை நினைக்கின்றன. தானத்தை விலக்கிய சுக்கிரனின் கண் துரும்பால் கிளறப்பட்டது முன்னதில். வளர்ந்த திருவுருவை மறுத்த நமுசி வானில் சுழற்றப்பட்டது பின்னதில். உபந்யாஸங்களில் முன்னவனைப் பொறாமைக்காரன் என்றும் பின்னவனைத் துடுக்கன் என்றும் ஒரு சொல்லில் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. நமுசியை நியாயம் கேட்டவனாக உயர்த்துவாரும் உளர். இரு சாராரும் பாசுரத்தை உற்று நோக்கினதாகத் தோன்றவில்லை.

மூங்கில்துறைப்பட்டில் வாழும் எங்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் தென்பெண்ணையே கீழே திருக்கோவலூரை அடைகிறது. அங்கே வலக்கையில் சங்கும் இடக்கையில் ஆழியுமாகத் திருவடி தூக்கி நிற்கிறான் திரிவிக்கிரமன். அத்திருவடிக்கு எதிர்நின்றவர்கள் செய்த பிழைதான் யாது?

சுக்கிரனிடம் இல்லாதது ஞானமன்று. வந்தவன் விஷ்ணுவே என்று முதலில் கண்டுகொண்டவன் அவன்தான் என்கிறது ஸ்ரீபாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம். கண்டும், கொடாதே என்றான். ஆழ்வாரும் அவனுக்குப் பொறாமையைப் பெயரிட்டுச் சொல்லவில்லை, விலக்கினதையே சொல்கிறார். கண்டு அறிந்த கண்ணே கிளறப்பட்டது என்பதை ஊன்றி நோக்கவேண்டும்.

நமுசியின் நிலை வேறு. பாகவதத்தில் அப்பெயருடையவன் இந்திரனால் நுரைகொண்டு கொல்லப்பட்ட அசுரன். வேள்விச் சாலையில் அவனுக்கு இடமில்லை. ஆழ்வாரோ தந்தைக்காக வாதிடும் மகனாக அவனைக் காட்டுகிறார். குறளுருவாய் வந்து இரந்தவன் அவ்வுருவாலேயே அளக்கவேண்டும் என்பது அவன் வாதம். கேட்பார்க்கு நியாயமாகவே ஒலிக்கும். தகப்பனிடத்து அன்பும் அதில் உண்டு. ஆனால் நீர் வார்த்துக் கொடுத்தவன் குறை சொல்லவில்லை. உடையவன் விட்டுவிட்ட பொருளுக்கு வழக்காடினான் மகன். வளர்ந்த திருவடியை அவன் கட்டிக்கொண்டு மறுத்தான் என்பது உரைவழி வந்த செய்தி. தந்தை தலையில் ஏற்ற திருவடியையே மகனும் பற்றினான். பற்றியது அதைச் சுருக்குவதற்காக. (இப்பகுதிக்குப் பெரியவாச்சான் பிள்ளை வியாக்கியானம் லுப்தமாகிவிட, மணவாள மாமுனிகள் நிறைவு செய்தருளினது நம் பாக்கியம்.)

உண்மையில் பெரிய மீறல் மாவலியுடையது. பிறர் பதவியைக் கவர்ந்த பேராசை அவனுக்கு இருந்தது. ஔதார்யமும் இருந்ததாலேயே எம்பெருமான் கொல்லாமல் இரந்தான் என்பர் பூர்வர்கள். அவன் ஆசார்யன் சொல்லைக் கடந்தான். ஆசார்ய பாரதந்த்ர்யத்தை உயிராகக் கொண்ட நம் ஸம்பிரதாயத்தார் இதை எளிதில் கடந்துபோகலாகாது. திருக்கோட்டியூரில் நம் உடையவரும் அப்படியே செய்தார். பதினெட்டு முறை நடந்து பெற்ற ரஹஸ்யார்த்தத்தை, நம்பியின் ஆணையை மீறி வெளியிட்டார்; நரகம் தமக்கு, உய்வு பிறர்க்கு என்றார். மாவலியும், செல்வம் அழிக என்ற குருவின் சாபத்தைத் தான் ஏற்றே கொடுத்தான். இருவரும் மீறலின் நஷ்டத்தைத் தம் தலையில் வைத்துக்கொண்டார்கள். நமுசியின் எதிர்ப்போ நஷ்டம் வராமல் காப்பதற்கு. இந்த வேறுபாட்டைக் காணாமல் எதிர்ப்பையெல்லாம் ஒன்றாகப் புகழ்வதும் இகழ்வதும் வீண்.

மீறப்பட்ட ஆசார்யர்களும் ஒருபடிப்பட்டவரல்லர். நம்பி தம்மினும் மிக்க கருணையைச் சீடரிடம் கண்டு, எம்பெருமானார் என்று பெயரிட்டார். சுக்கிரன் சபித்தான். எனினும் பாகவதம் அவனை அங்கேயே விட்டுவிடவில்லை; உபந்யாஸகர்கள் சொல்லாமல் விடுவது இந்த இடத்தைத்தான். மாவலிக்கு ஸுதலமும், ஸாவர்ணி மன்வந்தரத்தில் இந்திர பதவியும் அருளிய பின், வேள்வியின் குறையை நிறைவு செய் என்று சுக்கிரனுக்கே எம்பெருமான் கட்டளையிடுகிறான். உன் திருநாம ஸங்கீர்த்தனமே எல்லாக் குறையையும் தீர்க்குமே என்று விண்ணப்பித்து, தான் தடுத்த வேள்வியைத் தானே முடித்துவைத்தான் சுக்கிரன்.