விரதமும் குரலும்

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், இலங்கையின் முத்துக்குளிப்புக் கடலோரத்தில் நடப்பதாகப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கதை கட்டி, அதற்கு இசையும் அமைத்து, 1863 செப்டம்பர் 30ஆம் தேதி பாரிஸில் அரங்கேற்றினார்கள். ‘முத்துக் குளிப்போர்’ என்று அந்த ஆபராவுக்குப் பெயர். இசையமைத்த பிஸேக்கு அப்போது வயது இருபத்துநான்கு. ஆபரா என்றால் பெரும்பாலும் பாட்டாகவே நடக்கும் நாடகம். அதில் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடும் பெண்குரலை ஸொப்ரானோ என்பார்கள். இந்தக் கதையின் நாயகி லெய்லா ஒரு ஸொப்ரானோ.

லெய்லாவுக்குக் கொடுத்திருக்கும் வேலை விசித்திரமானது. அவள் பாறைமேல் இருந்து பாட வேண்டும். அந்தப் பாட்டினால் கடலில் உள்ள தீய சக்திகள் விலகும், குளியாட்கள் உயிரோடு கரையேறுவார்கள் என்பது ஊராரின் நம்பிக்கை. ஆனால் அவள் முகத்திரையை விலக்கக் கூடாது. கணவனோ காதலனோ இருக்கக் கூடாது. விரதத்தைக் காத்தால் கிடைத்ததிலேயே சிறந்த முத்து அவளுக்கு. தவறினால் மரணம்.

கதாசிரியர்கள் முதலில் மெக்ஸிகோவை நினைத்து எழுதி, பிறகு இலங்கைக்கு மாற்றிக்கொண்டவர்கள். எனவே நம்முடைய கடற்கரையை அதில் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். நம் கரையில் உண்மையாகவே இருந்தவன் கடல்கட்டி. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவன் என்று அவனை நம்பினார்கள். அவன் வந்து தன் காரியத்தைச் செய்யாவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். பரம்பரையாக வந்த தொழில் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அன்றைய கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். மந்திரம் பலித்தால் போதும், சொல்கிறவர் எந்த மதம் என்று கேட்பானேன் என்று இருந்திருக்கிறார்கள் குளியாட்கள். பாரிஸ்காரர்களின் கதையிலோ பாட்டைவிடப் பாடுகிறவளின் விரதத்துக்குத்தான் மதிப்பு.

இந்த விஷயத்தில் குளியாட்களின் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நம்முடைய சொந்தப் பாடகி ஒருவர் விஷயத்தில் நாம் பாரிஸ்காரர்களைப் போலத்தான் நடந்துகொண்டிருக்கிறோம். கே. பி. சுந்தராம்பாளைச் சொல்கிறேன்.

சுந்தராம்பாள் என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? வெள்ளைக் கதர்ப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு. 1927ல் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்று உடுத்த வெள்ளையை அவர் 1980ல் மறையும் வரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவுசெய்தார். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி உருகாத தமிழ்ப் பத்திரிகை இல்லை. அந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தக் குரல் எப்படி உண்டாயிற்று, அது என்ன செய்தது என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? ‘தெய்வீகக் குரல்’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தெய்வம் கொடுத்தது என்று ஆனபின் உழைப்பைப் பற்றி யார் விசாரிக்கப் போகிறார்கள்!

ஐரோப்பாவில் ஒரு ஸொப்ரானோவை உருவாக்குவது பெரிய காரியம். பதினெட்டு வயதுவாக்கில் சங்கீதப் பள்ளியில் சேர்க்கிறார்கள். மூச்சைச் சேமிக்கவும் செலவழிக்கவும் வருஷக் கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன் பாஷைகளின் உச்சரிப்புக்குத் தனித்தனி ஆசிரியர்கள். முதலில் சின்ன வேஷம். குரல் முதிர்ந்தபின் பெரிய வேஷம். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு வாத்தியக் கோஷ்டியைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதே இத்தனை பாட்டுக்கும் காரணம்.

நம் நாடகக் கம்பெனிக்கும் அதேதான் காரணம். சுந்தராம்பாள் 1908ல் கொடுமுடியில் பிறந்தவர். குடும்பத்தின் வறுமையால் சிறுவயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். சக்கரத்தின் சத்தத்துக்கு மேலே, கேட்க விருப்பமில்லாதவனின் காதையும் திருப்பும்படி பாட வேண்டும். இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் உண்டா? பிறகு வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, ‘நல்லதங்கா’ளில் பசித்த பிள்ளையாக மேடை ஏறினார். சிறுவன் வேஷம், பிறகு பெரிய வேஷங்கள், ராஜபார்ட்டும்கூட. பாடத்தை முழுக்க நெட்டுருப் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகிற வரை தொண்டை தாங்க வேண்டும். ஆர்மோனியக்காரர் எடுத்த சுருதியிலிருந்து இறங்கக் கூடாது. இதற்குப் பெயர் பயிற்சி இல்லையென்றால் வேறு என்ன?

அவர்கள் நெட்டுருப் போட்ட பாடத்துக்கும் எங்கள் கடற்கரைக்கும் சம்பந்தம் உண்டு. 1867ல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் தமிழ் இசை நாடகத்துக்கு உருவம் கொடுத்தவர். 1918ல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். 1922ல் அவர் மறைந்தார். அவருடைய ‘வள்ளி திருமண’த்தில்தான் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் ஜோடியாக நின்று புகழ் பெற்றார்கள். தினைப்புனத்துப் பரண்மேல் நின்று கிளி விரட்டும் வள்ளியை நினைத்துப் பாருங்கள். பாறைமேல் நிற்கும் லெய்லாவைப் போலத் தூரத்துக்குப் பாடுகிறவள் அவளும். ஆனால் சுவாமிகளின் பாட்டில் கதை இருக்கிறது, தர்க்கம் இருக்கிறது, எதிராளிக்குப் பதில் இருக்கிறது. சொல் விளங்காவிட்டால் நாடகமே நின்றுவிடும்.

ஸொப்ரானோ மிக உயரத்துக்குப் போகும்போது உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து போகின்றன. அது பாடகியின் குற்றமன்று. மனிதத் தொண்டையின் அமைப்பு அப்படி. 1983ல் கனடாவின் டொரான்டோ நகரில் மேடைக்கு மேலே பாட்டின் அர்த்தத்தை எழுதிக் காட்டத் தொடங்கினார்கள். இன்று உலகத்தின் பெரிய ஆபரா மேடைகளில் எல்லாம் அந்த வழக்கம் வந்துவிட்டது. நம் கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கு எழுத்துக் காட்டிப் பயனில்லை. அவன் காதையே நம்பி வந்தவன். சுந்தராம்பாள் தலைக்குரலுக்குத் தாவாமல், மார்பிலிருந்து எழும் முழுக்குரலை உச்சிவரை கொண்டுபோகிறார். அங்கேயும் றகரம் றகரமாக, ழகரம் ழகரமாக நிற்கிறது. இதுதான் அவருடைய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

அவரை மேடையில் பார்க்கும் காலத்தில் நான் பிறக்கவில்லை. கிராமபோன் தட்டுகளும் படங்களும்தான் எனக்குச் சாட்சி. குறையும் அவற்றில் தெரிகிறது. 1935ல் ‘நந்தனார்’ படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் படம் நிற்கவில்லை. காமிரா அருகே வந்தபோதும் அவர் கடைசி வரிசையை நோக்கியே நடித்தார். மைக் வந்தபின் மற்றவர்கள் ரகசியம் பேசுவதுபோலப் பாடக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சின்னக் குரல் அவரிடம் கடைசிவரை இல்லை. காதலின் மென்மையான இடங்களில் இது நஷ்டம்தான்.

ஆனால் 1953ல் வந்த ‘ஔவையார்’ படத்தைக் கேளுங்கள். நாற்பத்தைந்து வயதில் கிழவி வேஷம். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே ஆரம்பித்தது என்று பிரிக்க முடியாது. அரசனைக் கண்டிக்கும் கிழவிக்குச் சின்னக் குரல் எதற்கு? வேஷம் குரலுக்குப் பொருந்திவிட்டது. 1964ல் ‘பூம்புகா’ரின் கவுந்தியடிகளும், 1965ல் ‘திருவிளையாட’லின் ஔவையாரும் அப்படித்தான். 1969ல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தபோது அவர் அறுபதைத் தாண்டியவர். அந்த வயதிலும் குரல் நின்றதற்கு ரயில் பெட்டியும் கம்பெனியும்தான் காரணம். வெள்ளைப் புடவை காரணமாகாது.

வாசகர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். அவர் இளமையில் பாடிய தட்டு ஒன்றைத் தேடி எடுங்கள். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம் ஓடும். படத்தைப் பார்க்காமல், கதையை நினைக்காமல், சொல்லை மட்டும் கவனித்துக் கேளுங்கள். எந்தச் சொல்லாவது விளங்கவில்லையா என்று பாருங்கள். அதன்பிறகு அவருடைய விரதத்தைப் பற்றிப் பேசலாம்.