ஷ்மோலிங் இருந்த ஆண்டுகள்

டாஞ்சரின் ட்ரீம் என்ற மின்னிசைக் குழு 1977-இல் முடிந்துவிட்டது என்பதை அக்குழுவின் ரசிகர்களில் பெரும்பகுதியினர் வேதவாக்காகவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குழுவை விட்டு பீட்டர் பௌமன் போனார், அதோடு சரி. பிறகு வந்ததெல்லாம் ஹாலிவுட் கூலிவேலை என்பது அவர்கள் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு யோஹன்னஸ் ஷ்மோலிங் என்ற பெரும் கலைஞரை அடிக்குறிப்பாக்கிவிட்டது. ஹாலிவுட்டுக்கு அவர்கள் முதலில் இசையமைத்த ‘சார்சரர்’ பௌமன் இருந்தபோதே வந்த படம் என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தொடக்கக் கதை தெரிந்ததுதான். 1967-இல் மேற்கு பெர்லினில் எட்கர் ஃப்ரோஸ தொடங்கிய குழு. க்ளாவ்ஸ் ஷுல்ட்ஸ, கொன்ராட் ஷ்னிட்ஸ்லர் வந்துபோனார்கள். 1972-இல் ‘ஸைட்’ என்ற அசைவற்ற இரட்டை ஆல்பம். 1974-இல் ‘ஃபீட்ரா’: கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கவின் மோக் சீக்வென்சர் சூடேறச் சூடேறச் சுருதி நழுவியது, அந்த நழுவலையே இசையாக விட்டுவைத்தார்கள். அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு இயந்திரத்தின் தற்செயலை எத்தனை ஆல்பத்துக்கு நீட்டிக்க முடியும்? 1978-இன் ‘சைக்ளோன்’ பாட்டும் வரிகளுமாகத் தடுமாறியபோது, குழு முட்டுச்சந்தில் நின்றது.

அதிலிருந்து மீட்டவர் ஷ்மோலிங். 1979-இல் சேர்ந்த அவர் சிறுவயதிலேயே ஆர்கன் பழகியவர்; ஒலிப்பொறியியல் படித்து நாடக அரங்கில் வேலை பார்த்தவர். ஒரு ஒலி எப்போது உள்ளே வரவேண்டும், எப்போது விலகவேண்டும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. 1980 ஜனவரி 31 அன்று கிழக்கு பெர்லின் குடியரசு மாளிகையில் நடந்த கச்சேரியின் பதிவைக் கேளுங்கள். மின்கருவிகளின் கோட்டை என்று பெயரெடுத்த குழு, தனிப் பியானோவில் தொடங்குகிறது. நிதானமாக, சுவரங்களுக்கிடையே மூச்சுவிட்டு. பிறகு சீக்வென்சர் நுழையும்போது அது வெறும் ஓட்டமாக இல்லை. பியானோ கேட்டதற்குப் பதிலாக வருகிறது. அதே ஆண்டின் ‘டாங்ராம்’ முழுக்க இந்த உரையாடல்தான். ‘எக்ஸிட்’ (1981) ரஷ்ய மொழிப் பெண்குரலோடு தொடங்கி, அணு ஆயுத அச்சத்தில் வாழ்ந்த ஐரோப்பாவின் நடுக்கத்தைச் சில நிமிடங்களில் பிடித்தது. ‘ஹைப்பர்போரியா’வும் (1983), அந்த ஆண்டு டிசம்பரில் வார்சாவில் பதிவான ‘போலந்து’ம் டிஜிட்டல் கருவிகளுக்குள் மெலடியைக் குடியேற்றின. மெலடி என்றாலே மலிவு என்று நினைப்பவர்கள் இவற்றைப் பொறுமையாகக் கேட்டதில்லை என்றே சொல்வேன்.

1985-இல் அவர் விலகினார். அதன்பின் வந்த பளபளப்பான, தட்டையான ஆல்பங்களை நான் காக்கப்போவதில்லை. ‘ஆப்டிகல் ரேஸ்’ போன்றவை சரிவுதான். ஆனால் ரசிகர்கள் சரிவின் தேதியைப் பல ஆண்டுகள் முன்தள்ளிவிட்டார்கள்.

2015-இல் ஃப்ரோஸ மறைந்த பிறகு தோர்ஸ்டன் க்வேஷ்னிங் குழுவை நடத்துகிறார். 2022-இல் வந்த ‘ரௌம்’ நீண்ட சீக்வென்சர் ஓட்டங்களுக்குத் திரும்பியிருக்கிறது, திறமையான ஆல்பம். எனினும் 1974-க்குச் செல்லும் பாதையில் பலர் நடந்து தேய்த்துவிட்டார்கள். கிழக்கு பெர்லினில் அந்தப் பியானோ திறந்த வழியில்தான் இன்னும் யாரும் தொடர்ந்து போகவில்லை.