தொழில்: இல்லை

சென்ற ஆண்டு ஒரு மாலையில், ஓரிக்கையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி சில தாள்களோடு வந்தாள். "அக்கா, நீங்க தமிழ்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்கதானே, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றாள். கணவனைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டில் இருப்பவள். கையிலிருந்தது ஜீவனாம்சம் கேட்டு அவள் பெயரில் தயாரான மனு. கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தும் இருந்தது.

உரக்கப் படித்தேன். "மனுதாரரின் தொழில்: இல்லை. வருமானம்: இல்லை." அங்கேயே நிறுத்தினாள். "நான் வேலையே செய்யலையாக்கா?"

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் எடை தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி. தார் சுற்றுவதும் அவள்தான். பதினெட்டு வருடம் இதைச் செய்தவள் என் முன்னால் இருந்தாள். தறி கணவன் பெயரில், சங்க உறுப்பினர் அட்டை கணவன் பெயரில், கூலி கணவன் கையில்.

மனுவை எழுதியவர் அவளுக்குக் கெடுதல் நினைத்து எழுதவில்லை. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவிக்கே ஜீவனாம்சம் என்று சட்டம் சொல்கிறது. வேலை உண்டு என்று எழுதினால் தொகை குறையும் என்ற அச்சத்தில், அவளை வேலையற்றவளாக எழுதிவிட்டார்கள். ஆனால் இதே பெண் நாளை வீட்டிலோ தறியிலோ பங்கு கேட்டால், தன் உழைப்பை நிரூபிக்க வேண்டும். முதல் மனுவில் வேலையே செய்யாதவள், இரண்டாம் மனுவில் பாடுபட்டவள். ஒரே பெண்ணை இரண்டு கதாபாத்திரங்களாக உடைத்து, ஒன்றை மற்றொன்றுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துகிறது இந்த எழுத்து. ஒரு நாவலில் இப்படி வந்தால் பாத்திரப் படைப்பில் பிழை என்போம். நீதிமன்றத்தில் இது வழக்கமான நடை.

ஜீவனாம்சம் என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். ஜீவனம், அம்சம். அம்சம் என்றால் பங்கு. சொல்லில் இருக்கும் பங்கு சட்டத்தில் இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மணவிலக்கின்போது பிரித்துத் தரச் சொல்வது, திருமணத்தையொட்டி வந்து இருவருக்கும் பொதுவான பொருள்களை மட்டுமே. மணவாழ்க்கையில் சேர்த்த வீடும் நிலமும் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. காஞ்சிபுரம் அன்று அதே மாவட்டம். அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்தது. அதற்கு முன் மணமானவர்களை அது விலக்கியது. 2005இல் வந்த நடுவண் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை நீக்கியது. பிறந்த வீட்டின் கதவு இப்படித் திறந்தது. வாழ்ந்த வீட்டின் கதவு இன்னும் திறக்கவில்லை.

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கதவைக் கொஞ்சம் அசைத்தது. அது மணவிலக்கு வழக்கு அல்ல, சொத்து வழக்கு. வெளிநாட்டில் சம்பாதித்த கணவர், ஊரில் வாங்கிய சொத்தெல்லாம் தன் பணம் என்றார். வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது, அப்படி வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்குண்டு என்றது தீர்ப்பு. இந்த உழைப்பை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லை என்பதையும் அது ஒப்புக்கொண்டது. அடுத்த பெண் தன் வழக்கில் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். சட்டம் இருந்தால் வழக்காட வேண்டிய தேவையே குறையும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. டச்சுக்காரர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் 'தேடிய தேட்டம்' என்று ஒரு சொல் உண்டு. மணவாழ்க்கையில் தேடிய சொத்து இருவருக்கும் உரியது என்பது அதன் கருத்து. அதைக் கொண்டாடிவிடவும் முடியாது. அதே சட்டத்தின்கீழ் மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்கு கொடுத்த கை சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சொல்லே வழக்கானது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்றது. நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்று பொருள் கொண்டது. உரையாசிரியர் செய்யும் வேலை இது. ஆனால் மூலபாடம் மாறவில்லை. தந்தை முதலில், தாய் பின்னால் என்ற வரிசை அப்படியே இருக்கிறது. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதில் பிள்ளையின் நலனே முதன்மை என்று அதே சட்டம் சொல்வதை நம் மனுக்களில் அழுத்தி எழுத வேண்டும்.

என்னிடம் வந்தவளுக்கு இலக்கணம் மட்டும் போதாதே. அறிந்ததைச் சொன்னேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். தாய் வீடு இருக்கும் ஊரிலேயே மணவிலக்கு வழக்குத் தொடுக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை அது பேசுகிறது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. தறியும் சங்கக் கூலியும் கணவன் பத்திரத்தில் ஏற வேண்டும். சிறு வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்க முடியாது என்பதும் நிலைபெற்ற கருத்து. ஆகவே அவள் பொய் சொல்லத் தேவையில்லை.

"அப்ப நான் என்னன்னு எழுதறது?" என்றாள்.

"நடந்ததைச் சொல்லு. சட்ட உதவி வக்கீலம்மாவிடம் கொடுக்கலாம்" என்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினெட்டு வருசம் தறியில பக்கத்துல உக்காந்து கோர்வை வாங்கினேன். தார் சுத்தினேன். கூலி என் கைக்கு வரல. இப்ப என்கிட்ட காசு இல்ல.

நான்கு வாக்கியங்கள். உழைப்பும் இல்லாமையும் ஒன்றையொன்று மறுக்காமல் அருகருகே நிற்கின்றன. ஜீவனத்தையும் அம்சத்தையும் ஒருசேரக் கேட்க இது போதும். கையெழுத்திடும் முன் உங்கள் மனுவை யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேளுங்கள்.