தறிச் சத்தமும் போன் மழையும்

ஐபோனில் 'பேக்கிரவுண்ட் சவுண்ட்ஸ்' வசதி 2021இல் ஐஓஎஸ் 15 உடன் வந்தது. தனி ஆப் இறக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள், ஆடியோ பகுதியில் இருக்கிறது. முதலில் தந்தவை ஆறு: மழை, கடல், ஓடை, கூடவே பேலன்ஸ்ட், பிரைட், டார்க் என்று மூன்று இரைச்சல்கள். சந்தாவும் இல்லை, விளம்பரமும் இல்லை. திரையை அணைத்தாலும் ஓடும். இவ்வளவு உருப்படியான ஒன்றை அத்தனை ஆழத்தில் ஒளித்து வைத்தது ஏன் என்பது ஆப்பிளுக்கே வெளிச்சம்.

பிரைட்டில் கீச்சொலி அதிகம். டார்க் கனத்த, தாழ்ந்த ஒலி. எது ஒத்துவரும் என்பதை வெளியே கேட்கும் சத்தமே தீர்மானிக்கிறது. ஒரு சத்தத்தை இன்னொன்று மூடவேண்டுமானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அவிநாசி ரோட்டு லாரி உறுமலுக்கு டார்க் சரி. ஆனால் சோமனூர், பல்லடம் பக்கம் நைட் ஷிப்டில் ஓடும் விசைத்தறியின் 'டக்டக்'குக்கு அது போதாது. பிரைட்டோ மழையோ ஓரளவு தாங்கும். தறிக்கொட்டகையை ஒட்டிய வீடென்றால் எதுவும் எடுபடாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ தறி நின்றால்தான் விழிப்பு வரும். மூளை உஷாராவது பெரும்பாலும் சத்தத்தின் மாற்றத்துக்குத்தான். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடும் அறையில் இந்த வசதிக்கு அதிகம் வேலை இல்லாததும் அதனால்தான். நடு ராத்திரியில் கரண்ட் போய் ஃபேன் நிற்கும்போது இந்த வசதியின் அருமை தெரியும்.

ஒரு குறை: போனின் குட்டி ஸ்பீக்கரில் டார்க் இரைச்சலின் கனம் வருவதில்லை. சிறிய புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

சிலிர்ப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வசதி உதவாது. அம்மிச்சி பேன் பார்க்கும்போது உச்சந்தலையில் தொடங்கிப் பிடரி வழியாக இறங்குமே, அந்தக் கூச்சத்துக்கு ஏஎஸ்எம்ஆர் என்று 2010இல் பெயரிட்டவர் ஜெனிஃபர் ஆலன். அதைக் கிளப்புவது கிசுகிசுப்பு, விரல் தட்டல், சீப்பு உரசல் போன்றவை. அவற்றுக்கு யூடியூப்தான் வழி. எல்லோருக்கும் அந்தக் கூச்சம் வருவதில்லை. வருகிறவர்களுக்கு அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக மூன்று குறைந்ததாக 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு கண்டது. உணராதவர்களிடம் அந்த அளவுக்கு இறக்கம் இல்லை. தூங்குவதற்கு இது தோதான வழியும் அல்ல. கிசுகிசுப்பைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ஹெட்போனோடு ஒருக்களித்துப் படுக்க முடியாது, காசு கட்டாத கணக்கில் கண் சொருகும் நேரம் பார்த்து விளம்பரம் அலறும்.

ஒலியளவில்தான் கவனம் தேவை, அதுவும் குழந்தை தூங்கும் அறையில். குழந்தைகளைத் தூங்கவைக்கும் 14 ஒலிக் கருவிகளைக் கனடா ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். முழு ஒலியில், ஒரு மீட்டர் தள்ளி வைத்தும் அத்தனையும் 50 டெசிபலைத் தாண்டின. மழைச் சத்தம் ஓடும் போனைத் தூளிக்குள் போடாமல், அறையின் மறுகோடியில், பக்கத்தில் பேசுவது தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் குறைத்து வைப்பதே சரி.