பாட்டுக்கும் பேர் போட வேண்டும்

பண்டத்தைச் செய்தவன் ஒருவன். அதன்மீது தன் பெயரைப் பொறித்துக்கொள்பவன் வேறொருவன். வாணிகத்தின் இந்தப் பழைய வழக்கம் இலக்கியத்துக்குள்ளும் புகுந்துவிட்டதோ என்ற ஐயம், மலையக வாய்மொழிப் பாடல்கள் அச்சேறும் முறையைக் காணுந்தோறும் நமக்கு எழுகிறது.

1950களிலும் 60களிலும் அமெரிக்கக் குடும்பங்கள், சிக்காகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் அனுப்பிய தடித்த விலைப்பட்டியலைப் பார்த்து, டேப் ரெக்கார்டரைத் தபாலில் தருவித்தன. பெட்டியின்மேல் ‘சில்வர்டோன்’ என்றிருக்கும். மாண்ட்கொமரி வார்ட் விற்ற பண்டங்களில் ‘ஏர்லைன்’ என்றிருக்கும். இரண்டும் விற்றவர் சூட்டிய பெயர்கள். கருவியைச் செய்தளித்தவையோ வேறு தொழிற்சாலைகள். தொழிற்சாலையின் பெயரே மறைந்தபோது, அங்கு கம்பி பொருத்திய தொழிலாளியின் பெயரை யார் கேட்டார்?

நுவரெலியாவுக்கு இது புதுமையன்று. தலவாக்கலையிலும் அட்டனிலும் பறித்த கொழுந்து, தேயிலையாகித் தோட்டத்தின் முத்திரையோடு கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. பின்னர் வேறு தோட்டங்களின் தேயிலையோடு கலந்து, கம்பனியின் பெயர் தாங்கிய பொட்டலமாகக் கடல் கடக்கிறது. பறித்தவளின் பெயர் செக்ரோலோடு நின்றுவிடுகிறது. தோட்டத்து வழக்கில் ஒருநாள் வேலைக்கே ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’.

அவள் பாடிய பாட்டின் கதி என்ன? 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெட்டை அறிமுகப்படுத்திற்று. மின்சாரமில்லாத லயத்திலும் பற்றரியின் துணையால் பாட்டைப் பதிவுசெய்ய வழி எளிதாயிற்று. மறு ஆண்டே, 1964 அக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகளும் பேசி முடித்தன. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. பின்னர் லட்சக்கணக்கானோர் புறப்பட்டபோது, தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்துப் பாடலும் அவர்களோடு கப்பலேறின. மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் திரட்டியிராவிடில், எஞ்சியவற்றிலும் பல அழிந்திருக்கும். அந்த உழைப்புக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும், அவ்வழியே பின்வருவோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தொகுத்தவரின் பெயர் அட்டையில் நிற்க, பாடியவள் ‘ஒரு தோட்டத்துப் பெண்’ ஆகிவிடுவது என்ன நியாயம்? நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை, அது பொதுச்சொத்து என்பர். மெட்டு பொதுவாக இருக்கலாம். ஆனால் தன் கணவனின் சாவுக்கு ஒருத்தி கட்டிய ஒப்பாரியில் அவளுடைய சொல் இருக்கிறது. அவளுடைய வாழ்வு இருக்கிறது. அதைப் படைப்பு என்னாமல் வேறென்ன என்பது?

கங்காணியை ஏசும் பாட்டைப் பாடியவர் தம் பெயர் வெளிவருவதை அஞ்சலாம். அவர் வேண்டாமென்றால் மறைப்பதே அறம். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் அவரே, தொகுப்பாளர் அல்லர்.

மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியை இன்றே தொடங்கலாம். பதிவுக் கருவி இன்று கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. பாட்டைப் பதியுமுன் பாடுபவரின் பெயரையும், தோட்டத்தையும், டிவிசனையும், பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். நூலாக்கும்போது அவற்றைப் பாட்டின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். தோட்டம் அரைப்பேர் போட்ட அந்தப் பெண்ணுக்கு இலக்கியமாவது முழுப்பேர் போடட்டும்.