கொள்ளைநோயும் பிறரன்பும்: லூத்தரின் நிருபத்தை ஜவ்வாது மலையிலிருந்து நோக்கல்

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றென அறிவித்தபின், மக்களின் அறிவு, மனப்பான்மை, தற்காப்புப் பழக்கம் ஆகிய மூன்றையும் வினாத்தாள் கொண்டு அளக்கும் ஆய்வுகள் பல எழுந்தன. அறிவு வளர்ந்தால் மனப்பான்மை திருந்தும், பழக்கமும் மாறும் என்பது அவற்றின் அடிப்படை. இக்கருத்தை உரைத்துப் பார்க்க, கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்பது பற்றி மார்ட்டின் லூத்தர் 1527இல் எழுதிய நிருபம் ஏற்ற உரைகல்லாகும்.

பிரெஸ்லாவ் நகரப் போதகர் யோகான் ஹெஸ் கேட்ட வினாவுக்கு விடையாக எழுந்தது இது. அவ்வாண்டு ஆகஸ்டில் விட்டன்பர்க்கிலும் நோய் புகுந்தது. பல்கலைக்கழகம் யேனாவுக்கு இடம்பெயர, லூத்தரோ தங்கி நோயுற்றோரைப் பேணினார். போதகரும் அதிகாரிகளும் கடமையை விட்டு ஓடலாகாது. தம் இடத்தை நிரப்பப் பிறர் இருப்பின் விலகுவது பாவமன்று என்கிறார். மருந்தை இகழ்வோர் தேவனைச் சோதிப்போரே. வீட்டைப் புகையிட்டுத் தூய்மை செய்யவேண்டும். தேவையற்ற இடத்துக்குப் போகலாகாது. பிறனுக்கு உதவி வேண்டும்போது தயங்கலாகாது. இதுவே அவர் காட்டும் ஒழுங்கு.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. நோயைப்பற்றி லூத்தர் அறிந்தது பிழையானது. தீய ஆவிகள் காற்றை நஞ்சாக்குவதாக அவர் எண்ணினார். அந்நோயின் கிருமி ஹாங்காங்கில் கண்டறியப்பட்டது 1894இல்தான். இன்றைய வினாத்தாளில் அறிவுப் பகுதியில் அவர் தேறியிரார், பழக்கத்திலோ தேறியிருப்பார். ஏனெனில், தன்னால் பிறன் சாகலாகாது என்னும் பொறுப்பே அவர் நடத்தையின் ஊற்று. நம் பட்டணத்தாருள் முகக்கவசத்தின் பயனை நன்கறிந்தும் அதைத் தாடையில் தொங்கவிட்டோர் பலர்.

நிருபத்தில் குறையும் உண்டு. நோயை வேண்டுமென்றே பரப்புவோரைக் கொலைத்தண்டனைக்கு ஒப்புவிக்கவேண்டும் என்கிறார். அச்சம் மிகுந்த காலத்தில் இத்தகைய சொல் எவர்மேலும் பாயும். 2020 ஏப்ரலில், தொற்றால் மரித்த மருத்துவர் ஒருவரின் நல்லடக்கத்தைச் சென்னையில் ஒரு கும்பல் தடுத்ததை நாம் மறக்கலாகாது.

மேலும், அவர் அறிவுரை பெரும்பாலும் நகரத்தாருக்கே பொருந்துவது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் சிதறிய சிற்றூர்களில் வாழ்பவர். சாலையில்லா ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறக்கவேண்டியுள்ளது. கூலிக்காகச் சமவெளிக்கு இறங்குவோருக்கு, வீட்டிலிரு என்பது பட்டினியிரு என்பதாகும். கைகழுவ நீர் வேண்டும். தனித்திருக்க இரண்டாம் அறை வேண்டும். ஊசிக்கு அஞ்சுபவரை அறியாதவர் என ஒதுக்குவது எளிது. அவர் நம்பும் ஒருவர் அவர் திண்ணையில் அமர்ந்து பேசினாரா என்று கேட்பதே நீதி. வினாத்தாளில் அவ்வினாவுக்கு இடமில்லை.

எனினும் நிருபத்திலேயே இதற்கொரு திறவுகோல் உள்ளது. நோயாளருக்கு மருத்துவ இல்லங்கள் அமைத்து நடத்துவது நல்லாட்சியின் பணி என்றும், அவை இல்லாவிடத்தில் நாமே ஒருவருக்கொருவர் பணிவிடை செய்யவேண்டும் என்றும் லூத்தர் கூறுகிறார். ஆகவே நம் ஊழியத்துக்கு இரு கடன்கள் உள. மலைக்குச் சாலையும் மருத்துவரும் வேண்டுமென அரசிடம் கேட்பது ஒன்று. அவை வருமளவும் டோலியின் ஒரு முனையைத் தோளில் தாங்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் செய்யாமல் விழிப்புணர்வு பற்றிப் பிரசங்கிப்பது வெறும் ஓசையே.